கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு பக்கம்

லாஸ்பேட்டையில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கு வெளியே பெயர்ப்பலகை கிடையாது. யாரோ குடியிருந்த மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, படுக்கையறைகளில் மேசை போட்டிருக்கிறார்கள். கடைகளுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் பில் போடுகிற மென்பொருளை இங்கே எழுதுகிறார்கள். கருவடிக்குப்பத்திலிருந்து காலையில் சைக்கிளில் வந்து கதவைத் திறப்பது, பெருக்குவது, டீ போடுவது, பேங்குக்கும் கூரியருக்கும் போய் வருவது என் வேலை. இதற்கு முன்னால் மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் இருந்தேன். மெஷின் இரைச்சலில் அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. முதுகு ஒத்துக்கொள்ளாததால் விட்டுவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தமிழ் சரளமாகப் படிப்பேன். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும், கூட்டிப் படித்தால் சில சொற்கள் பிடிபடும்.

இங்கேயும் பேச்சு குறைவுதான். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள்கூட ஒருவருக்கொருவர் கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்வார்கள். சேர்ந்த புதிதில், எல்லோரும் ஏதோ சண்டையில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். டீ வைக்கும்போது ஒருவர் எழுதியதைப் பார்த்து எதிரில் இருப்பவர் தனக்குள் சிரித்ததைக் கண்டபிறகுதான் சண்டை இல்லை என்று தெரிந்தது.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. புது லேப்டாப் வந்தால் அதை உடனே வேலைக்கு எடுக்க முடியாது. ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, அதில் ஒவ்வொரு வரியாகக் கட்டளை அடிக்க வேண்டும். இதை இறக்கு, அதை இங்கே வை, இன்னதை இன்னதோடு சேர் என்று மெஷினுக்குச் சொல்லும் வரிகள். அந்த வரிகளை ஆளுக்கொரு இடத்தில் பதுக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் தன் செல்போனில் தனக்குத்தானே மெசேஜ் அனுப்பி வைத்திருந்தார். ஒருவர் திரையின் ஓரத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தார். தாடி வைத்த சீனியர் தம்பி எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருந்தார். புதிதாக ஒருவர் சேர்ந்தால் இவர்களில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, "இத அடி, இப்ப அத அடி" என்று ஒரு நாள் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருமுறை மெசேஜில் வைத்திருந்த வரி ஒன்று வேலை செய்யவே இல்லை. "என்னோடதுல ஓடுதே" என்று ஒருவரும், "எனக்கு ஓடல" என்று இன்னொருவரும் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால், வரியில் இருந்த இரண்டு சின்னக் கோடுகளை செல்போன் தன்னிஷ்டத்துக்கு ஒரே நீளக் கோடாக்கி வைத்திருந்தது. கண்ணுக்கு அழகாக இருந்தது. மெஷினுக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் பெரியவர், அதாவது எங்கள் முதலாளி, எல்லா வரிகளையும் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் எழுதவில்லை.

அந்த வேலை புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் வந்தது.

அவள் பாகூர் பக்கத்து கிராமம். அப்பா சொந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மீதி நாட்களில் டவுனில் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவர். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து, பிறகு கம்ப்யூட்டர் படித்திருந்தாள். எங்கள் அலுவலகத்தில் அவளைச் சோதனைக் காலத்துக்குத்தான் எடுத்திருந்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. வெளியூர் வாடிக்கையாளர் போனில் ஆங்கிலத்தில் பேசினால் மட்டும் அவளுக்கு வார்த்தை வராமல் நின்றுவிடும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தாடிக்காரத் தம்பியைப் பார்ப்பாள். அவர் வாங்கிப் பேசுவார். மூன்றாவது தடவை அப்படி ஆனதும் அவர் பெரியவரிடம் போய், இந்தப் பெண் நல்ல பெண்தான், ஆனால் நமக்குச் சரிப்படாது என்று சொல்லியிருந்தார். ஒளித்துச் சொல்லவில்லை. அவளிடமும் அதையே சொன்னார்.

பெரியவர் பல வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். எதையும் "போன்" என்றுதான் ஆரம்பிப்பார். பிரெஞ்சில் "சரி" என்கிற மாதிரி. நான் டீத் தட்டோடு நிற்கும்போதுதான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"போன். வர்ற திங்கக்கிழம நாலு பேர் புதுசா சேர்றாங்க. ஒருத்தரும் அவங்க பக்கத்துல போய் உக்காரக் கூடாது. நீயும்தான். நீ எழுதற பக்கத்த மட்டும் வச்சு அவங்களே மெஷின தயார் பண்ணிட்டா, நீ இங்க இருக்கற. இல்லன்னா இந்த மாசத்தோட முடிச்சிக்கலாம்."

அவள் "சரி சார்" என்றாள். தட்டிலிருந்து டீயை எடுத்துக்கொண்டு போனாள். அரை மணி கழித்து கிளாஸ் எடுக்கப் போனபோது டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் ஒவ்வொரு மேசையாகப் போய் ஒவ்வொருவர் பதுக்கலையும் கேட்டு வாங்கினாள். கட்டளை வரிகளை ஆங்கிலத்திலும், எந்த வரியை எப்போது அடிக்க வேண்டும் என்ற விளக்கத்தைத் தமிழிலும் எழுதினாள். தாடிக்காரத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "தமிழ்லயா? இது இன்னாம்மா, காதுகுத்து பத்திரிகையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரையும் செய்து பார்க்கச் சொன்னாள். ஒவ்வொருவரும் விரல் பறக்க அடித்து, ஓடுகிறது, அருமை என்றார்கள். அவளுக்கு அதில் திருப்தி இல்லை. சாயந்திரம் நான் பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, நாளைக்கு கொஞ்ச நேரம் உக்காந்து இத நீங்க செஞ்சு பாக்கறீங்களா?"

மேசையை நகர்த்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். விஷயம் புரிந்ததும் கை ஈரத்தைத் துடைக்கவும் மறந்துவிட்டேன்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? எதையாவது ஒடச்சி வச்சிடுவேன்."

"ஒடஞ்சா எம்மேல போட்டுக்கறேன். அவங்கள்லாம் தெரிஞ்சவங்கண்ணா. நான் ஒரு வரி விட்டிருந்தாலும் அவங்க கை தானா அடிச்சிடுது. விட்டது எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

அவள் தங்கியிருக்கும் விடுதியில் கூட இருக்கும் பெண்கள் யாரையாவது கேட்கலாமே என்றேன்.

"அவங்க கேட்டுக்கினே இருப்பாங்கண்ணா. கேட்டா நான் வாயால சொல்லிடுவேன். அப்பறம் பக்கத்துல எழுத மறந்துடுவேன். நீங்க கேக்க மாட்டீங்க. அதனாலதான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் சொன்னது உண்மை. ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் கேட்காமல் வருகிறவன் நான். பஸ்ஸில் இறங்கும் இடம் தாண்டிப் போனாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேனே தவிர, நிறுத்துங்கள் என்று குரல் கொடுக்க மாட்டேன். வீட்டில் இதற்காக என்னைத் திட்டாத ஆள் இல்லை. அந்தக் குணம் வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

சனிக்கிழமை பாதிப் பேர் வரவில்லை. ஒரு பழைய லேப்டாப்பை எனக்கு முன்னால் வைத்தாள். பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். நான் எதுவும் கேட்கக் கூடாது, அவள் எதுவும் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்குக் கை வராது என்று அவளே புரிந்துகொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கறுப்புத் திரையைத் திறந்தேன். முதல் கட்டளையின் ஆரம்பத்தில் ஒரு டாலர் குறி இருந்தது. அந்தக் குறியைக் கீபோர்டில் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமானது. அதையும் அடித்து, மீதியையும் அடித்து, என்டர் தட்டினேன். மெஷின் ஏதோ ஒரு வரி பதில் சொன்னது. நல்ல பதிலா கெட்ட பதிலா என்று தெரியவில்லை. அடுத்த வரிக்கும் அதே மாதிரி வந்தது. இரண்டும் ஒரே மாதிரி முடிந்ததால், இரண்டும் தப்பாக இருக்கும் என்று ஊகித்து, இருமினேன். அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

டாலர் குறி நாம் அடிக்க வேண்டியது இல்லையாம். கறுப்புத் திரையில் அது ஏற்கெனவே நிற்குமாம், இங்கே அடி என்று காட்டுவதற்கு. தன் திரையிலிருந்து எடுத்து ஒட்டும்போது அதையும் சேர்த்து ஒட்டியிருக்கிறாள். மற்றவர்கள் யாரும் அந்தக் குறியைப் பார்க்கவே இல்லை. பக்கம் முழுக்க இருந்த டாலர் குறிகளையெல்லாம் அப்போதே எடுத்துவிட்டு, புதுத் தாள் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நன்றாகப் போனது. நீளமான பெயர்களை முழுதாக அடிக்க வேண்டாம், முதல் இரண்டு மூன்று எழுத்து அடித்துவிட்டு டேப் பொத்தானைத் தட்டுங்கள், மீதியை மெஷினே அடித்துக்கொள்ளும் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாள். தட்டினேன், அடித்துக்கொண்டது. முன்னால் அடித்த வரி மறுபடி வேண்டுமானால் மேல் அம்புக்குறியைத் தட்டுங்கள் என்று இருந்தது. தட்டினேன், வந்தது. தேவையே இல்லாமல் இன்னொரு முறையும் தட்டிப் பார்த்தேன்.

பிறகு பாஸ்வேர்டு கேட்டது. அதையும் தாளில் கொடுத்திருந்தாள். முதல் எழுத்தை அடித்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அழுத்தம் போதவில்லை என்று இன்னொரு முறை அழுத்தினேன். வரவில்லை. வேறு எழுத்தை அழுத்தினேன். புள்ளிகூட வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் மெஷின் நின்றுவிட்டால் தொடக் கூடாது, ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இங்கே கூப்பிடவும் கூடாது. ஒருமுறை இருமியாகிவிட்டது, மறுபடி இரும மனம் வரவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். மெஷின் சரியாகுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் சுற்றியது. தலைக்கு மேல் ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானம் ஒன்று போனது. இருவரும் அப்படியே இருந்தோம். மறந்துபோன சார்ஜரை எடுக்க தாடிக்காரத் தம்பி வந்தார்.

"இன்னாண்ணா, தியானமா?"

"எழுத்து வர்ல" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "அது வராதுண்ணா. பாஸ்வேர்டு அடிச்சா வெளிய காட்டாது. உள்ள வாங்கிக்கும். நீங்க பாட்டுக்கு அடிச்சிட்டு என்டர் தட்டுங்க."

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பிவிட்டாள். "இத நான் எழுதலையே" என்று மெல்லச் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது. கல்லூரியில் முதல் வருஷம் தனக்கும் இதேதான் நடந்தது என்றாள். கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து லேபில் வேறு மெஷினுக்கு மாறி உட்கார்ந்தாளாம். அதிலும் வரவில்லை. பின்வரிசையில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஒரு வாரம் அந்த லேபுக்குள் போகவே பிடிக்கவில்லையாம்.

"அத எப்படிண்ணா மறந்தேன்?"

அவள் அதை என்னைப் பார்த்துக் கேட்டாள். பதில் சொன்னது தாடிக்காரத் தம்பி. "நீயாவது பரவால்ல. நான் மொத வேலையில கீபோர்ட மாத்தித் தாங்கன்னு ஆபீசுக்கே மெயில் போட்டவன். வேற கொடுத்தாங்க. அதுலயும் வர்ல. எனக்கும் இப்ப நீ சொன்னப்பறந்தான் ஞாபகம் வருது." சார்ஜரை எடுக்க வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் அங்கேயே எழுதினாள். 'இப்போது பாஸ்வேர்டை அடியுங்கள். நீங்கள் அடிப்பது திரையில் தெரியாது. முழுவதும் அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.' எழுதிவிட்டு, இது போதுமா என்று என்னிடம் கேட்டாள்.

போதும் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டியவன்தான். ஆனால் அவ்வளவு நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத்தானே தெரியும். "கெட்டுப்போகலன்னு போடும்மா" என்றேன். அவள் சேர்த்தாள். 'கீபோர்டு கெட்டுப்போகவில்லை. தப்பாக அடித்தாலும் எதுவும் ஆகாது. மறுபடி கேட்கும், மறுபடி அடிக்கலாம்.'

அடுத்து, மெஷின் எதை எதையோ இணையத்திலிருந்து இறக்குகிற இடம். அங்கே திரை அசையாமல் நின்றது. நான் காத்திருந்தேன். பாலுக்கு நேரமாகிவிட்டதால் எழுந்து உள்ளே போய் அடுப்பு பற்ற வைத்தேன். திரும்பி வந்தபோது அவள் அந்த இடத்துக்கும் ஒரு வரி எழுதியிருந்தாள். 'இங்கே நேரம் ஆகும். திரை நின்றுவிட்டதுபோல் இருக்கும். எதையும் அழுத்த வேண்டாம். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.'

"கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவுல டீ போட்ட மொத ஆளு நீதான்" என்றார் தாடிக்காரத் தம்பி. பிறகு, தலையில் வைத்திருந்ததையெல்லாம் அவராகவே சொல்ல ஆரம்பித்தார். மற்ற இடங்களில் நகல் எடுக்கிற கன்ட்ரோல்-சி இங்கே ஓடுகிற வேலையை நிறுத்திவிடும் என்பதைச் சொன்னார். தினமும் அடிக்க வேண்டிய நீள வரிகளுக்கு ஒரு செல்லப்பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயரை அடித்தாலே போதும் என்பதைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டே போனாள். மத்தியானத்துக்குள் நான் உட்கார்ந்த லேப்டாப்பில் பில் போடும் பக்கம் திறந்துகொண்டது. மேலே ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அது வந்தால் எல்லாம் சரி என்று தாளில் போட்டிருந்தது. நான் கிளாஸ் கழுவப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். கதவு திறந்தே இருந்தும் ஒரு பையன் மட்டும் நான் வந்து உள்ளே கூப்பிடும்வரை வாசலிலேயே நின்றிருந்தான். பெரியவர் ஆளுக்கு ஒரு லேப்டாப்பையும் அந்தப் பக்கத்தையும் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியில் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அவள் தன் மேசையில் அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் கைகள் மேசைக்குக் கீழே இருந்தன.

அடுத்தவர் திரையை எட்டிப் பார்க்க எனக்கு வராது. சமையலறையில் பாலை வைத்துவிட்டு நின்றேன். டீ குடிக்கச் சொல்லும் வரி, பாஸ்வேர்டு அடிக்கும் வரிக்குப் பிறகுதான் வருகிறது. அதனால் இங்கே டீக்கு வருகிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டவர்கள். எனக்கு அது போதும்.

முதலில் ஒரு பெண் வந்தாள். "அண்ணா, டீ குடிக்கச் சொல்லி அதுல போட்டிருக்கு. நெசமாவா?" என்றாள். நெசம்தான் என்று கொடுத்தேன். பிறகு சர்க்கரை வேண்டாம் என்று ஒரு பையன் வந்தான். அவன் குடித்து முடிப்பதற்குள் இன்னொரு பெண் வந்தாள். மூவரும் ஜன்னலோரம் நின்று எந்தக் கல்லூரி, யார் சார் என்று பேசிக்கொண்டார்கள். வாசலில் நின்ற பையன் மட்டும் வரவில்லை.

பால் ஏடு கட்டியது. அடுப்பைக் குறைத்தேன். தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் அவன் மேசைப் பக்கம் போனேன். அவன் கீபோர்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். அப்படி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குனிந்து ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொன்னால் அவன் தாண்டிவிடுவான். ஆனால் அவள் எழுதிய பக்கம் அவனைத் தாண்ட வைத்ததாகாது. பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. நான் பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்றும் செய்யாமல் நிற்க முடியாமல் அடுப்பு மேடையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். யாரோ வாசலில் நிற்பது தெரிந்தது. அந்தப் பையன்தான். உள்ளே வராமல் நின்றான். டீயை ஊற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்டு, நான் கேட்காமலே, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"தப்பா அடிச்சிட்டேண்ணா. எதுவும் ஆகாது, மறுபடி அடிக்கலாம்னு இருந்துச்சு. அதான் அடிச்சேன்."

சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு திரையிலும் பச்சைப் புள்ளி வந்துவிட்டது என்று தாடிக்காரத் தம்பிதான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். பெரியவர் செய்தித்தாளை மடித்தார். "போன்" என்றார். "ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதணும். அடுத்த மாசம் ஆரம்பி." அவ்வளவுதான். டீ கேட்டு என் பக்கம் திரும்பிவிட்டார்.

அவளுக்குப் புரியவில்லை. பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த மாசமும் நீ இருக்கன்னு அர்த்தம்மா" என்றார் தாடிக்காரத் தம்பி. "எனக்கு ஒரு பங்கு பிரியாணி வாங்கித் தரணும். நானும் பாதி எழுதியிருக்கேன்."

அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். நான் கீழ்ப்படியில் துடைப்பத்தை உதறிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா எங்கோ சாரத்தின் மேல் ஏறி நின்று சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் கல் அறுக்கும் இரைச்சல் போனில் எனக்கே கேட்டது.

"இருக்கச் சொல்லிட்டாங்கப்பா" என்றாள்.

அவருக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக, அதையே மறுபடி சொன்னாள்.